காதுக்குள் போன வெளிச்சம்

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கம்ப்யூட்டரில் படம் செய்யும் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கூட்டுவது, துடைப்பது, டீ வாங்கி வருவது, கதவைத் திறந்து பூட்டுவது. அஞ்சாவது வரைதான் படித்தேன். முன்பு கணபதியில் ஒரு பட்டறையில் இருந்தேன். அதை மூடிய பிறகு இங்கே வந்தேன். யாரிடமும் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இந்த வேலை தோதாக இருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டிருப்பதால் பகலிலும் உள்ளே பொழுது தெரியாது. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

போன வருடம் ஒரு ஆஸ்பத்திரிக்காகப் படம் செய்தார்கள். குறைமாதக் குழந்தையை எப்படித் தூக்குவது, எப்படித் துடைப்பது என்று நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் படம். நிஜக் குழந்தையை வைத்து எடுக்க முடியாது என்று கம்ப்யூட்டரிலேயே ஒரு குழந்தையைச் செய்தார்கள். அதன் தோலை நிஜம்போல ஆக்குவது தொண்டாமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணின் வேலை.

அவள் செய்த குழந்தை முதலில் சுண்ணாம்பு அடித்ததுபோல இருந்தது. அடுத்த தடவை மெழுகுபோல இருந்தது. மேலாளர் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தேர்த்திருவிழா பொம்மைக் கடையில தொங்கவுட்டா இது நல்லாப் போகுமுங்க."

"மொத பொம்மை உங்களுக்குத்தான் சார். ஊட்டுல யாரும் உங்க பேச்சைக் கேக்கறதில்லைன்னீங்களே, இது கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் திரையைப் பார்க்காமல் டீயை வைத்துவிட்டு வந்தேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்தது. ஒரு நாள் முழுதாக இருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து என் மனைவிக்கு மயக்கம் தெளியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப் போன குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள். தாய்க்கும் காட்ட மாட்டார்கள். ஆண்கள் நேராகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். என் அண்ணனும் நானும் வாடகைக் காரில் போனோம். குழந்தை துணிக்குள் என் மடியில் இருந்தது. காலை வெயில் பக்கவாட்டில் அடித்தது. துணி விலகி ஒரு காது தெரிந்தது. வெயில் அதன் பின்னால் பட்டதும் அந்தக் காது சிவந்தது.

"அண்ணா, ரத்தம் ஓடுதுங்க. வண்டியத் திருப்பச் சொல்லுங்க" என்றேன்.

அண்ணன் துணியை இழுத்து மூடினார். "டாக்டர் பாத்துத்தான குடுத்தாரு, கண்ணு. மனசப் போட்டு ஒழப்பிக்காத."

வண்டி திரும்பவில்லை. நான் இன்னொரு தடவை சொல்லவும் இல்லை.

குழந்தை எப்படி இருந்தது என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்வேன். காதைப் பற்றிச் சொன்னால், உயிரோடு இருந்ததைப் புதைத்துவிட்டேனோ என்பதையும் சொல்ல வேண்டும். சில வருடங்களில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டோம், வேலைக்குப் போனோம், விசேஷங்களுக்குப் போய்வந்தோம்.

ஒரு மத்தியானம் ஆபீஸில் அந்தத் தொண்டாமுத்தூர்ப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்கண்ணா, ஒரு நிமிசம் வாங்க. இந்த டார்ச்சை எங் காதுக்குப் பொறத்தால புடிங்க."

அவள் காதுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். அவள் இன்னொரு செல்போனில் தன் காதைப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு என் காதுக்கும் பிடித்துப் பார்த்தாள். "உங்களுது கதவாட்ட இருக்குதுங்கண்ணா. வெளிச்சமே வெளிய வரல."

"எதுக்குங்க அம்மணி இது?" அந்த ஆபீஸில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"சுவத்துல லைட்டு பட்டா, பட்ட எடத்துலயே திரும்பிருமுங்க. தோலு அப்படி இல்ல. கொஞ்சம் உள்ள போயி, அங்கயும் இங்கயும் சுத்தீட்டு, வேற எடத்துல வெளிய வரும். நீலமெல்லாம் சீக்கிரம் நின்னுரும். சிவப்புதான் ரொம்பத் தூரம் போகும். நா மொதல்ல சுவத்துக்குப் பண்ற மாதிரியே பண்ணிப்போட்டேன். அப்பறம் எல்லாக் கலரையும் ஒரே தூரம் போக வுட்டேன், மெழுகாட்ட ஆயிருச்சு."

ஒவ்வொரு நிறமும் தோலுக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு ஒரு எண் இருந்தது. குறைமாதக் குழந்தைக்குத் தோல் மெல்லிசு, அடியில் கொழுப்பும் கிடையாது என்று சொல்லிக்கொண்டே அவள் எண்களை மாற்றினாள். குழந்தையின் தலைக்குப் பின்னால் ஒரு விளக்கையும் வைத்தாள். புள்ளி புள்ளியாக இருந்த படம் மெல்லத் தெளிந்தது. காது சிவந்தது. காரில் பார்த்த அதே சிவப்பு.

"இதுக்கு ரத்தம் ஓடுதுங்களா?"

அவள் சிரித்தாள். "கம்ப்யூட்டருக்குள்ள ஏதுங்கண்ணா ஓட்டம்? ஓடவே வேண்டீதில்ல. சிவப்பு உள்ள இருந்தாப் போதும். லைட்டு போயிட்டு வருது, அவ்வளவுதான்."

"உசுரு இல்லாட்டியுமா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்லாட்டியும்தானுங்கண்ணா."

நிம்மதி வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல உள்ளே மரத்துக் கிடந்தது. மேஜையில் எரிந்துகொண்டிருந்த டார்ச்சை அணைத்து அவளிடம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மனைவி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கார், வெயில், காது, அண்ணன் சொன்னது, இந்தப் பெண் சொன்னது.

"இதுக்கா இத்தனை வருசம் வாயத் தொறக்காம இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

"நீங்க பயந்துட்டு இருப்பீங்க, நா தெரிஞ்சுக்காமயே கெடக்கோணுமா? நீங்களாச்சும் காதைப் பாத்தீங்க. எனக்கு அதுவும் இல்லீங்களே." முறத்தைத் தள்ளி வைத்தாள். "அந்தப் படத்த நா பாக்கோணும்."

"அது நம்ம கொழந்தை இல்ல. நர்ஸுகளுக்காகச் செஞ்சது."

"அது தெரியாதா எனக்கு? கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் காலை மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸைத் திறந்தேன். மற்றவர்கள் வருவதற்கு முன்பே அந்தப் பெண் வந்துவிட்டாள். அவளிடம் இரண்டே வரியில் சொன்னேன். அவள் தன் நாற்காலியை என் மனைவி பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்கக்கா."

படம் வந்தது. விளக்கு எரிந்தது. மனைவி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கண் மூடியிருந்த முகத்தை, நரம்பு தெரிகிற நெற்றியை, அந்தக் காதை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏனுங்க, நம்மளுது இத்தனை பெருசா இருந்துச்சா?"

"இல்ல. இதைவிடச் சிறுசு."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக நிறுத்திக் காட்டினாள். "இத்தனை?"

நான் அவள் கைகளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தி வைத்தேன். அவள் அந்த இடைவெளியைக் கலைக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.