நண்டுக் கொம்பனியில் புதுக் கையுறைகள்

நண்டுச் சதையை வெளிநாட்டுக்கு ஏற்றும் கொழும்பு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. அதற்குச் சரக்குக் கொடுக்கும் வடபகுதித் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சுத்தத்தையும் தரத்தையும் சோதிப்பேன். அரியாலைக் கரையோரம் இருந்த ஒரு சிறிய நண்டுக் கொம்பனிக்கும் அப்படித்தான் போனேன்.

சோதனைக்கு வருவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது விதி. அதனால் எங்கே போனாலும் கழுவிய தரையும் புதுச் சவர்க்காரமும்தான் வரவேற்கும். அங்கே நீளமான மேசைகளில் அவித்த நண்டைக் குவித்து, இருபுறமும் பெண்கள் நின்று ஓட்டை உடைத்துச் சதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் வெள்ளைக் கையுறை. பெட்டிக்குள் மடிந்திருந்த கோடுகூட இன்னும் அழியவில்லை.

குளிர் அறை, ஐஸ், தண்ணீரின் குளோரின் அளவு, எல்லாம் சரியாக இருந்தன. முதலாளியின் முகம் தெளிந்தது.

"பாத்தியளே பிள்ளை, எங்கடை இடம் கோயில் மாதிரி."

மேசையின் கடைசியில் நின்ற பெண், இடது கையின் ஒரு விரலை எதிலும் படவிடாமல் தூக்கி வைத்தே வேலை செய்துகொண்டிருந்தார். கிட்டப் போனேன்.

"அக்கா, கிளவுஸைக் கழட்டுங்கோ."

"ஒண்டுமில்லைப் பிள்ளை. நண்டு ஓடு கீறினது."

"பாத்திட்டு விடுறன்."

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி வேறெங்கோ பார்த்தார். கையுறை கழலவில்லை, கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தோம். நண்டு வெடுக்கையும் மீறி ஒரு நாற்றம் எழுந்தது. விரல் நுனி கறுத்திருந்தது. வீக்கம் மணிக்கட்டுவரை ஏறியிருந்தது.

"ஏன் சொல்லேல்லை?"

"காயம் எண்டால் வீட்டை போகச் சொல்லுவினம். போன ஆக்களைத் திரும்பக் கூப்பிடமாட்டினம். எனக்குச் சீனி வருத்தமும் கிடக்கு, காயம் ஆறுதில்லை."

பக்கத்தில் நின்றவள் குரலைத் தாழ்த்தினாள்: "கிளவுஸ் இண்டைக்குத்தான் தந்தவை, மிஸ். நீங்கள் வாறியள் எண்டு."

காலையிலிருந்து அந்த வீங்கிய விரல் எனக்காகத்தான் இறுகிக் கிடந்திருக்கிறது. என் வாகனத்திலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழிநெடுக ஒரே கேள்வி: "கொம்பனியிலை என்னைப் பிழையா நினைப்பினமோ?" அன்றே விரலை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

கண்டதைக் கொழும்புக்கு எழுதினேன். காயம்பட்டவர்களுக்கு ஆறும்வரை வேறு வேலை கொடுக்கட்டும், சரக்கை நிறுத்த வேண்டாம் என்றும் எழுதினேன். கொழும்பிலிருந்து அழைத்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கை தொட்ட சதை எந்தப் பெட்டிகளுக்குப் போனது? பெட்டிகளை அழித்தார்கள். பிறகு அங்கே வாங்குவதையே நிறுத்தினார்கள். கொம்பனி பூட்டப்பட்டது.

சில மாதம் கழித்து, விரல் இழந்த அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையடியில் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தவள், முன்பு பக்கத்தில் நின்று வேலை செய்தவள்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

"உவைக்கு உங்களிலை கோவம்," என்றார் அவர். "கொம்பனி பூட்டினதிலையிருந்து ஒருத்தருக்கும் வேலையில்லை."

"உங்களுக்கும் கோவமோ, அக்கா?"

சேலைத் தலைப்புக்குள் இடது கையை மறைத்துக்கொண்டார்.

"நீங்கள் வராட்டில் கையே போயிருக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். எண்டாலும் கொஞ்சம் இருக்குப் பிள்ளை."

"ஓம்," என்றேன்.