டிரிம்மில் விட்ட பிசிறு

1. கோபால்தா வாங்கி வைத்த சேதி

துர்க்கா பூஜையில் சப்தமி நாள். முற்பகல் பதினொரு மணி இருக்கும். கல்கத்தா லேக் மார்க்கெட்டில் கோபால்தாவின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் ஏது போன்? ‘சுப்பையா, டைல்ஸ் கான்ட்ராக்டர்’ என்று பெரிய எழுத்தில் கார்டு அடித்து வைத்திருந்தேன். அதிலிருந்த நம்பர் கோபால்தா கடையுடையது. எனக்கு வரும் சேதியையெல்லாம் அவர்தான் வாங்கி வைப்பார். சுத்த வங்காளி. தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் இட்லி.

பூஜைக்காகக் கடையை அடைக்கிற அவசரத்தில் இருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டே வங்காளத்தில் சொன்னார்:

“பவானிபூர் பௌதி போன் பண்ணினாங்க. உன்னை அனுப்பச் சொன்னாங்க. நாளைக்கு, நாளைக்குன்னு மூணு தடவை சொல்லிட்டாங்க. இன்னைக்குப் போய் நிக்காதே.”

‘நல்லதாப் போச்சு’ என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலம் மனைவியையும் மகள்களையும் கூட்டிக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றினேன். எக்ரோல் தின்றோம். அதற்கப்புறம் நான் எக்ரோல் தின்றதே இல்லை.

2. அந்த ஓரம்

பவானிபூர் பௌதி என்று கோபால்தா சொன்னது அருணாசலம் அண்ணாச்சியின் மனைவியை. அண்ணாச்சி துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எங்கள் குடும்பத்தைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். அதனால் அந்த அம்மாள் எனக்கு மைனி. வங்காளத்தில் பௌதி என்றாலும் அண்ணிதான். மகன் பம்பாயில். மூன்றாவது மாடி பிளாட்டில் இவர்கள் இரண்டே பேர். அண்ணாச்சிக்குப் பதினைந்து வருஷமாக சுகர். பாதம் மரத்துப் போய்விட்டது. ஆணி குத்தினாலும் தெரியாது.

பழைய மொசைக் தரை வழுக்குகிறது என்பதால்தான் பாத்ரூமை இடித்து டைல்ஸ் போடச் சொன்னார்கள். அவர் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. இதை மறக்க வேண்டாம்.

குளிக்கிற இடத்துக்கு மூன்று அங்குல உயரத்தில் ஒரு படி. டைல்ஸ் முடிகிற ஓரத்தில் அலுமினியப் பட்டி வரும். அதைத்தான் டிரிம் என்போம். மூலையில் இரண்டு பட்டிகள் சேரும் இடத்தை நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து அறுத்து, பிசிறை அரத்தால் ராவி, அடியில் காரை நிறைய வைத்து உட்கார வைக்க வேண்டும். நிமாய் என்ற என் மிஸ்திரி நேராக அறுத்துவிட்டான். இடைவெளியில் வெள்ளை சிமெண்டை அப்பினான். ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் அவனுக்கு.

மைனி பார்த்துவிட்டார்.

“தம்பி, இந்த ஓரம் தூக்கிக்கிட்டுல்லா இருக்கு? அவுக கால் வைக்கிற இடம்லா.”

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்தேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நிமாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “பூஜோர் பரே, தாதா” என்றான். பூஜைக்கு அப்புறம், அண்ணே என்கிறான். கல்கத்தாவில் புரட்டாசி பிறந்துவிட்டால் கோர்ட்டு முதல் கொத்தனார் வரைக்கும் எல்லாருக்கும் அதுதான் பதில். முப்பது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன், நானும் அதையே சொன்னேன்.

“பூஜை முடியட்டும் மைனி. நானே வந்து சரி பண்ணித் தாறேன்.”

“சரி, நீங்க சொன்னாச் சரிதான்” என்றார் மைனி.

3. அஷ்டமி

சப்தமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அரம், ஹாக்ஸா பிளேடு, ஒரு துண்டு புதுப் பட்டி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனேன். கீழே பந்தலில் டாக் மேளம் காதைப் பிளந்தது. மணியில் வைத்த விரலை எடுப்பதற்குள் கதவு திறந்தது. மைனி கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதா தம்பி?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நாளைக்குன்னு சொன்னீங்களாமே மைனி, கோபால்தா...” என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. உள்ளே கையைக் காட்டினார்.

பாத்ரூம் வாசலிலிருந்து ஹால் வரைக்கும் தரையில் வலது பாதத்தின் அச்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று கருஞ்சிவப்பாகக் காய்ந்து, நேராகப் பேப்பர் படிக்கிற நாற்காலி வரை போயிருந்தது. துடைக்கக்கூட அந்த அம்மாளுக்குக் கை வரவில்லை. 

நடந்தது இதுதான். முந்தின நாள் குளித்துவிட்டு இறங்கும்போது அந்தப் பட்டியின் முனை கட்டைவிரலுக்கு அடியில் கிழித்திருக்கிறது. அண்ணாச்சிக்குத் தெரியவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார். காபி கொண்டுவந்த மைனிதான் தரையைப் பார்த்து அலறியிருக்கிறார். கீழ்த்தள டாக்டர் பூஜைக்குப் பூட்டிவிட்டார். எதிர் வீட்டுக்காரர்கள் பூரிக்கு யாத்திரை போய்விட்டார்கள். மைனி எனக்குப் போன் போட்டார். பிறகும் இரண்டு தடவை போட்டார். அதற்குள் கோபால்தா கடை அடைத்தாயிற்று. மஞ்சளை அப்பி, வேட்டியைக் கிழித்துக் கட்டியதில் ரத்தம் நின்றது. கீழே இறங்கிப்போய் யாரையாவது கூப்பிடுகிறேன் என்றாராம் மைனி. அண்ணாச்சி விடவில்லை.

“எதுக்கு ஊரைக் கூட்டுதே? அதான் சொல்லியாச்சுல்லா. சுப்பையா இப்ப வந்துருவான்.”

ராத்திரி முழுக்கக் காய்ச்சல். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். கால் கணுக்கால் வரை வீங்கி, விரல் கறுத்திருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

“வாரும் வே. பந்தல் எல்லாம் பாத்தாச்சா?”

சும்மா கேட்டார். எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது.

பந்தலுக்கு ஓடினேன். பந்தல் போட்ட கிளப்காரர்கள் நாலு பேர் என்ன ஏது என்று கேட்காமல் ஓடி வந்தார்கள். அண்ணாச்சியை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். கூட்டத்தில் டாக்சி வராது. மெயின் ரோடு வரை அப்படியே சுமந்தோம். துர்க்கையைத்தான் தூக்கி வருகிறார்கள் என்று நினைத்து, வழியில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

4. டாக்டர் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் காலைப் பார்த்ததும் முகம் மாறினார். மைனியைப் பார்த்து வங்காளத்தில் கோபமாகக் கேட்டார்.

“கால் ஆனென் நி கேனோ?”

ஏன் நேற்றே கொண்டுவரவில்லை என்று கேட்கிறார். வங்காளத்தில் நேற்றைக்கும் ‘கால்’தான், நாளைக்கும் ‘கால்’தான். இரண்டுக்கும் ஒரே சொல்.

மைனியின் வங்காளம் மீன் விற்பவளிடமும் காய்காரனிடமும் பேசுகிற அளவுதான். பதற்றத்தில் அதுவும் போய்விட்டது. டாக்டர் சொன்னதில் அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். வேகமாகத் தலையை ஆட்டினார்.

“ஆமா டாக்டர், கால்தான். கால்... கால்...”

அதே மூன்று தடவை.

 நேற்று போனில் அந்த அம்மாள் என்ன சொல்லி அழுதிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. ‘சுப்பையாவை அனுப்புங்க’ என்பதை மட்டும் தெரிந்த வங்காளத்தில் சொல்லிவிட்டு, மீதியைத் தமிழில் கத்தியிருக்கிறார். கால், கால், கால். கோபால்தாவுக்கு அது நாளை, நாளை, நாளை.

கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் விரல் தப்பியிருக்கலாம் என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் முழங்கால்தான் என்றும் சொன்னார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. சறுக்கினது நான், விரல் போனது அவருக்கு. அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கோபால்தாவிடம் சொன்னபோது அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நான் என்ன காரியம் பண்ணிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மேல் என்ன தப்பு? நிமாய் மேல்கூட நான் பழி போடவில்லை. மைனி கை நீட்டிக் காட்டிய இடத்தைச் செருப்பால் மிதித்தது நான்.

5. பஞ்சு

அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்கு முன்னால் அந்த டிரிம்மைப் பெயர்த்தேன். மிஸ்திரி யாரையும் கூட்டிப் போகவில்லை. வெள்ளை சிமெண்டை பிளேடால் சுரண்டி எடுத்ததும் பட்டி தானாகவே ஆடியது. அடியில் காரையே இல்லை, வெறும் பொள்ளல். ஆள் ஏறி மிதித்தால் ஒரு பக்கம் அமுங்கி, மூலையில் முனை தூக்கும். அறுத்த இடத்தில் பிசிறு, ரம்பப் பல் மாதிரி வரிசையாக நின்றது.

பழைய காரையைக் கொத்திச் சுத்தம் செய்தேன். புதுப் பட்டியைச் சாய்த்து அறுத்தேன். அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, காரை நிறைய வைத்து, டைல்ஸ் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே உட்கார வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

“முடிஞ்சுது மைனி.”

 மைனி உள்ளே போய், ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட டிரெஸ்ஸிங் பஞ்சுச் சுருளைக் கொண்டுவந்தார். ஒரு கை அளவு பிய்த்தார். மெதுவாகத் தரையில் மண்டியிட்டு, பட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பஞ்சை இழுத்துக்கொண்டே போனார். மூலையில் நின்றார்.

பட்டியில் ஒரே ஒரு நார் சிக்கியிருந்தது.

“இங்கன இருக்கு தம்பி.”

வேலை பார்த்துக் காய்த்துப் போன என் விரலுக்குத் தெரியாத பிசிறு. மறுபடி அரம் எடுத்தேன். மறுபடி பஞ்சு இழுத்தார். மூன்றாவது தடவைதான் நார் சிக்காமல் வந்தது. “இப்பச் சரி” என்று சொல்லி எழுந்தார். எழும்போது பிடித்துக்கொள்ள என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் தொழில் செய்தேன். என் சட்டைப் பையில் பேனா இருந்ததோ இல்லையோ, பஞ்சு இருக்கும். ஓரம் முழுக்கப் பஞ்சு இழுக்காமல் ஒரு பாத்ரூமையும் ஒப்படைத்ததில்லை. டிரிம் என்பது நாம் கடைசியாகச் செய்கிற வேலை. வீட்டுக்காரர் கால் முதலில் படுவது அதில்தான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

பிற்பாடு எல்லார் கையிலும் மொபைல் வந்துவிட்டது. மிஸ்திரிகள் போன் பண்ணி, “கால் ஹொபே, தாதா” என்பார்கள், நாளைக்கு ஆகிவிடும் என்று. சரி என்று சொல்லிப் போனை வைக்க என்னால் முடிந்ததே இல்லை.

“யார் கால்?” என்று தமிழில் கேட்டுவிடுவேன்.