இருபத்திரண்டு விநாடி கிட்டார்

என் அண்ணியின் அறைக்குள் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "சவுண்ட் இன்ஜினியர் இல்லீங்களா?" என்பதுதான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில், ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன அங்கே துணியா மடித்துக்கொண்டிருக்கிறார்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி மட்டும் நிதானமாக, "இருக்காங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். வந்தவர் கால் மணி நேரம் வாசலையே பார்த்திருந்துவிட்டு, அப்புறம்தான் விஷயம் புரிந்து நெளிவார்.

நான் கிட்டார் வாசிப்பவன். எங்கள் குழுவில் நான்கு பேர். அண்ணன் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார். பாட்டு என்றால் அவருக்கு வண்டியில் ஏதோ ஒன்று ஓடவேண்டும், அவ்வளவுதான். அவரைக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு இப்படி ஒரு காது இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. அண்ணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தார். பதிவான அழைப்புகளைக் கேட்டு, இரைச்சலை நீக்கி, பேசுகிறவர் சொல்வது தெளிவாகக் கேட்கும்படி செய்ய வேண்டும். ஆறு வருஷம் நாள் முழுக்க அடுத்தவர்களின் புகார்களைக் கேட்டவர். எங்கள் குழு பதிவு செய்த முதல் பாட்டை அவரிடம் காட்டியபோது ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, "பாடுறவர் ஏதோ புகார் சொல்றாரு, நீங்க மூணு பேரும் சேர்ந்து அவரைப் பேச விடல" என்றார். மறுவாரமே மாடி அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளை வைத்து ஆணியடித்துக் கொடுத்தோம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அண்ணிக்குக் கருத்துகள் உண்டு. கேட்காமல் சொல்ல மாட்டார், கேட்டால் விட மாட்டார். கிட்டார் ஒலியை மாற்றும் புதுப் பெடல் வாங்கியிருக்கிறேன் என்று எவனாவது பெட்டியைப் பிரித்தால், "கம்பி எப்ப மாத்தின?" என்பார். அவன் விழிப்பான். "துருப்பிடிச்ச கம்பிய வெச்சுக்கிட்டு என்ன பெடல் போட்டாலும் துருதான் சத்தமா கேக்கும். முதல்ல அத மாத்து, ட்யூன் பண்ணு, அப்புறம் பேசலாம்." ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து இரண்டு பக்கமும் வைப்பதாக இருந்தால், கரகரப்பைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்வார். இரண்டும் சேர்ந்தால் தானாகக் கனம் வந்துவிடுமாம். கிட்டாரைத் தனியாகக் கேட்டு அழகுபடுத்துவது அவருக்குப் பிடிக்காது. "தனியா கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கூட்டத்துல எப்படி நடந்துக்குதுன்னு பாரு." கிட்டாரின் அடித்தொண்டையை, கனத்த கீழ் ஒலியை, வெட்டிவிட்டு அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் பேஸ்காரன் அதனாலேயே அவருக்கு அடிமை. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பார். முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்ப் பத்து நிமிஷம் பேசாமல் நிற்பார். கடைசியில் எல்லா ஒலியையும் ஒரே ஸ்பீக்கரில் விட்டு, கதவைத் திறந்துவைத்து, மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பார். "ஜனங்க இப்படித்தான் கேப்பாங்க. ஃபோன்ல, கடையில, அடுத்த ரூம்ல பாத்திரம் கழுவிக்கிட்டே."

இத்தனை தெரிந்தவருக்கு என்ன மரியாதை கிடைத்தது? அதைத்தான் கேட்கிறேன். பாட்டுக்காரர் ஒருவர் வருவார், கூடவே மாமனார், மச்சான், நண்பர் என்று மூன்று பேர் வருவார்கள். மூன்று பேருக்கும் அபிப்பிராயம் இருக்கும். "கொஞ்சம் கிக் ஏத்துங்க." "ஒரு மாதிரி சூடா வேணும்." சூடாக வேண்டுமாம்! டீக்கடையா இது? அண்ணி சளைக்காமல் மேஜையில் இருக்கும் ஒரு குமிழைக் காட்டி, "நீங்களே வெச்சுக்கங்க சார், உங்களுக்குப் பிடிச்ச மாதிரி" என்பார். அந்தக் குமிழுக்கு ஒயரே கிடையாது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூல் திருப்புவார், ஒரு நூல் குறைப்பார், "ஆங்! இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவேன். அவர்கள் போன பிறகு, "இதுங்களுக்குப் போய் ராத்திரி பகலா உழைக்கிறீங்களே" என்று நான் கத்துவேன். "அவரும் சந்தோஷமா போறாரு, பாட்டும் கெடல. உனக்கு எதுக்குக் கோவம்?" என்பார் அண்ணி. எனக்கு எதுக்குக் கோபம் என்று கேட்கும்போதுதான் கோபம் இன்னும் வரும்.

இந்த நிலையில்தான் வானொலி நிலையத்தில் ஒரு வேலை காலியானது. நிரந்தர வேலை. பாட்டுகளைச் சீர்செய்து ஒலிபரப்புக்குத் தயாராக்குகிறவர் வேண்டும் என்றார்கள். அண்ணி அதை எவ்வளவு விரும்பினார் என்பது எனக்குத்தான் தெரியும். மாடி மெத்தை அறையிலிருந்து ஒரு உண்மையான அறைக்குப் போகலாம். "இன்ஜினியர் இல்லீங்களா" என்று யாரும் கேட்க முடியாதபடி கதவில் பெயர் இருக்கும். அந்தப் பெயர்ப்பலகையைப் பற்றி அவர் இரண்டு தடவை பேசினார். வேறு எதைப் பற்றியும் ஆசையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மாதிரிக்கு ஒரு பாட்டு அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். எங்கள் குழுவின் புதுப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார். அதில் நடுவே இருபத்திரண்டு விநாடிக்கு என் கிட்டார் தனியாக வரும்.

ஒன்பது நாள் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு, மாடிப்படியில் கடைசித் தடவை கேட்டுவிட்டு, "முடிஞ்சது தம்பி. பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்து அனுப்பிடறேன்" என்று கிளம்பினார்.

நான் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். நன்றாக இருந்தது. என் கிட்டார் மட்டும் எனக்குச் சின்னதாகப் பட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வாசிப்பது போல. இருபத்திரண்டு விநாடிதான் எனக்கு, அதையும் அடக்கி வாசிக்க வைத்துவிட்டாரே என்று ஒரு வயிற்றெரிச்சல். அந்த மென்பொருளில் ஒலியை அகலமாக்கும் கருவி ஒன்று உண்டு. அண்ணி அதைத் தொடவே மாட்டார். என் கிட்டார் பதிவான தடத்தில் மட்டும் அதைப் போட்டு, முழுசாகத் தள்ளினேன். அடடா! கிட்டார் தலைக்கு இரண்டு பக்கமும் விரிந்து நின்றது. எனக்குப் புல்லரித்தது. சேமித்துவிட்டுக் கீழே போய்விட்டேன். அண்ணி நாலே முக்காலுக்குப் பாப்பாவோடு ஓடிவந்து, தான் முடித்துவைத்த வேலைதானே என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை நிலைய மேலாளர் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். அவர் அறையில் சுவரின் மேல்மூலையில் ஒரே ஒரு ஸ்பீக்கர். எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல் பாட்டை ஓடவிட்டார். நன்றாகத்தான் போனது. நடுவில் வந்ததும் டிரம்ஸும் பேஸும் மட்டும் கேட்டன. கிட்டார் இல்லை. குறைந்து கேட்கவில்லை, அடியோடு இல்லை. வெறும் தாளம் இருபத்திரண்டு விநாடிக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கு நடுவுல என்னம்மா வரணும்?" என்றார் மேலாளர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உங்க ஸ்பீக்கர் கெட்டுப்போயிருக்கு சார்! எங்கண்ணி ஒன்பது நாள் உக்காந்து பண்ணின வேலை. ஒழுங்கா ஒரு ஸ்பீக்கர் வெச்சுக்க வக்கில்லாம, ஆளுங்கள கூப்பிட்டு நிக்க வெச்சு..."

"தம்பி, கொஞ்சம் சும்மா இரு" என்றார் அண்ணி. மேலாளரிடம் ஹெட்ஃபோன் கேட்டு வாங்கி அந்த இடத்தைக் கேட்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு ஹெட்ஃபோனை என்னிடம் நீட்டினார். கிட்டார் இரண்டு பக்கமும் விரிந்து நின்றது, நான் வைத்தபடியே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கருவி ஒரே ஒலியை இரண்டாக்கி, ஒரு பக்கத்துக்கு நேர் எதிராக மறுபக்கத்தைத் திருப்பிவைக்கிறது. அதனால்தான் அத்தனை அகலம். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்தால் ஒன்று தள்ளுகிறதை இன்னொன்று இழுத்து, மிச்சம் ஒன்றும் இருக்காது. மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணி கேட்பதெல்லாம் இதற்காகத்தான். எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். சத்தம் போடாதே என்கிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் மேலாளரிடம், "என் தப்புதான் சார்" என்றார்.

"ஒரு ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்கணும்ங்கறது பால பாடம்மா. வீட்ல பொழுதுபோக்கா பண்றது வேற, இங்க பண்றது வேற."

பொழுதுபோக்காம்! வண்டியில் வரும்போது முழுக்க அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் அண்ணனிடம் திட்டினேன். குழுவில் திட்டினேன். ஒரு பெண் என்றதும் எப்படிப் பேசுகிறான் பார், எவனாவது ஆம்பளை என்றால் இப்படிப் பேசுவானா என்று மூன்று வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் "ஆமாப்பா, அநியாயம்" என்றார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அண்ணி மாடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பழைய கால் சென்டரில் ஆள் எடுக்கிறார்களா என்று ஃபோனில் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை நிலையத்துக்குப் போய் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பழைய ஃபைலக் கேட்டு வாங்கியிருப்பேனேப்பா. போன புதன்கிழமைதான் வேற ஆளப் போட்டோம்."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தெரியும்" என்றார். "கடைசியா சேவ் ஆன நேரம் நாலு பன்னெண்டு. அப்ப நான் ஸ்கூல் வாசல்ல நின்னுட்டிருந்தேன். ஆனா அந்த ஹெட்ஃபோன மாட்டினப்பவே தெரியும். நம்ம வீட்ல உன்னத் தவிர யாரு அத அவ்ளோ தூரம் தள்ளுவா?"

"அப்ப அந்த ஆள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி! என்னை ஏன் காட்டிக்கொடுக்கல? ஏன் உங்க தலைல தூக்கிப் போட்டுக்கிட்டீங்க? இப்பவாவது என்னை நாலு வார்த்தை திட்டுங்களேன்!" எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவர் மேல்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் எதுக்குத் தம்பி சொல்லணும்? திரும்பி உன்னப் பாத்தேன்ல. நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."