பத்தாயிரத்தேழு வடைகள்

கோயில் மடப்பள்ளியில் மேற்பார்வையாளராக இருபது ஆண்டுகள் இருந்தேன். கணிதத்தில் எம்.எஸ்சி. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். வடை எண்ணும் வேலை.

வில்லியனூர்ப் பக்கம் ஓர் ஆஞ்சநேயர் கோயில். ஒருநாள் பத்தாயிரத்தெட்டு வடைகளால் மாலை. சரத்துக்கு நூற்று முப்பத்தொன்பது வீதம் எழுபத்திரண்டு சரம், மிச்சமே வராது. கணக்கு நான் போட்டது. படைப்பதற்கு முன் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. வாயில் வைத்தவருக்கு மறுநாள் வேலை இல்லை.

நான் ஒன்றைத் தின்றேன். மிளகு வாசனை. காலையில் சாப்பிட்டிருக்கவில்லை. வேறு காரணம் கிடையாது.

மாவு தீர்ந்து அடுப்பை அணைத்த பிறகு, சரம் கோர்க்கும் அஞ்சலை குரல் கொடுத்தாள். "மாஸ்டரு, கடைசி சரத்துக்கு வடை பத்தல."

சமையல் மாஸ்டர் கோவிந்தன் கரண்டியோடு வந்தார். "எவ துன்னது? அஞ்சலை, வாயத் தொற!"

"இன்னா மாஸ்டரு, சந்தையில மாடா புடிக்கிற, பல்லப் பாக்க?"

பெண்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "உன் கையில இருக்கிற சரம்தான கொறையுது? நாளையிலேர்ந்து வராத."

அஞ்சலையின் முகம் சுருங்கிவிட்டது. ஒதியம்பட்டில் அவள் வீட்டுக்கு இந்த ஒரு வருமானம்தான். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பாடம் நடத்தினேன்.

"மாஸ்டர், யார்மேலும் தப்பில்லை. பத்தாயிரத்தேழு ஒரு பகா எண். எத்தனை சரமாகப் பிரித்தாலும் சமமாக வராது" என்று கரித்துண்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். அதன் வர்க்கமூலம் நூற்றைத்தான் தொடும். எனவே நூற்றுக்குள் இருக்கும் இருபத்தைந்து பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டில் தொடங்கித் தொண்ணூற்றேழு வரை போட்டேன். ஒன்றிலும் மீதியில்லாமல் வகுபடவில்லை.

மாஸ்டர் அசந்துபோனார். "அப்ப நம்பர்லதான் கோளாறா சார்?"

அஞ்சலை சரத்தைத் தூக்கிக் காட்டினாள். "சார், எத்தினி கொறையுதுன்னு நானே இன்னும் எண்ணல. ஒண்ணுதான் கம்மின்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

கரித்துண்டைக் கீழே வைத்தேன். "நான்தான் தின்றேன்" என்றேன்.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பூசைக்கு மணி ஆவுது. மாலைய இப்ப இன்னா பண்றது?"

"ஒரே சரமாகக் கட்டினால் மிச்சம் வராது."

"அப்ப முடிச்ச நீங்களே போடுங்க சார்" என்றாள் அஞ்சலை. எழுபத்தொரு முடிச்சுகள் போட்டேன். மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். நான் ஒரு மாதம் போகவில்லை.

வடையைத் தின்றது பசி. இருபத்தைந்து வகுத்தலையும் போட்டு முடிக்கும்வரை அவளை அங்கே நிற்கவைத்தேனே, அதற்குப் பெயர் வேறு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: தப்பு செய்தால் முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்குப் போய்விட்டால், படித்த படிப்பெல்லாம் பொய்க்குத் துணையாக வந்து நிற்கும்.