நல்ல நேரத்தில் திணறிய சர்வர்

ஆழ்வார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேல் ஒரு மேனேஜர். வெளிநாட்டுச் சான்றிதழ்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்; நடுவில் ஒரு தினசரி காலண்டர். அவர் ஒழுங்காகப் படித்தது அது ஒன்றைத்தான்.

எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, யாரை உள்ளே விடலாம் என்பதையெல்லாம் சர்வர் தனக்கென்று ஒரு சிஸ்டம் டேட்டாபேஸில் வைத்திருக்கும். வாராவாரம் அதைப் புதிதாகக் கட்டுவோம், அதுதான் ரீபில்ட். கொஞ்ச நேரத்தில் முடிய வேண்டிய வேலை எங்களிடம் மாலைவரை இழுக்கும். அதுவரை எந்தத் திரையும் அசையாது. புது சர்வர் வாங்கினால்தான் சரியாகும் என்று மேனேஜர் மேலிடத்தை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

எந்த வேலை எப்போது ஓடுகிறது என்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ரீபில்ட், பேக்கப், வைரஸ் ஸ்கேன் மூன்றும் வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்த அதே நிமிஷத்தில் ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நல்ல நேரம் பார்த்திருக்கிறார், மகானுபாவர். மயிலாப்பூர்க்காரர்களும் ராகு காலம் கழித்துத்தானே அட்மிஷனுக்கு வருவார்கள்? வாசலில் கூட்டம், உள்ளே மூன்று வேலைகளின் அடிதடி. ராகு காலத்தில் கவுண்டர் காலியாகக் கிடக்கும், ரீபில்டை அப்போது ஓட்டலாம் என்றேன். அந்த நேரத்தில் கை வைத்தால் விளங்குமா என்று என்னைப் புழுவைப் போலப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். சர்க்கரை வியாதியில் அவர் கணவருக்குக் கால்விரல் அழுகியிருந்தது. சர்ஜன் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் சர்வரில் சிக்கிக்கொண்டிருந்தது. கையால் எழுதித் தரக்கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம்.

"டாக்டரு கெளம்பிக்கினு கீறாரு சார். அடுத்த வாரம்னா காலே பூடும்ன்றாங்க."

நான் பேக்கப்பையும் ஸ்கேனையும் நிறுத்தப் போனேன்.

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சதைப் பாதியில நிறுத்தக் கூடாதுப்பா" என்றார் மேனேஜர், அந்த அம்மாவை வைத்துக்கொண்டே.

நிறுத்தினேன். மூச்சு முட்டிக் கிடந்த ரீபில்ட் சற்று நேரத்தில் முடிந்தது. ரிப்போர்ட் வந்தது. காரில் ஏறப்போன சர்ஜன் திரும்பி வந்தார். விரலோடு போயிற்று.

பிறகு யாரையும் கேட்காமல் ரீபில்டை ராகு காலத்துக்கே மாற்றினேன். கேன்டீன் காபி வருவதற்குள் முடிந்துவிடுகிறது. மேனேஜருக்கு இன்றுவரை தெரியாது. காலண்டரின் மகிமை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கணவருக்குக் கட்டு மாற்ற வந்த அந்த அம்மாவிடமும் அதையே சொன்னார், நல்ல நேரத்தில் ஆரம்பித்ததால்தான் கால் தப்பித்தது என்று.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் நல்ல நேரத்துலதான் சார் அது பூட இருந்துச்சு."