வாசலில் எழுந்த தடிப்பு

கையை நீட்டச் சொல்லி, அதில் ஒரு தடிப்பு தெரிந்தாலும் இன்றைக்கு வேலை கிடையாது என்றால், உங்கள் கை சும்மா இருக்குமா?

பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவில் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பெயர். வாய் பாட்டை முணுமுணுக்க, கை தானாக ஓடும். காலையில் வாசலில் மேற்பார்வையாளர் எல்லோர் கையையும் புரட்டிப் பார்ப்பார். தொற்று உள்ளே வரக்கூடாது, நியாயமான விதிதான். ஒருநாள் கொசு கடித்த தடிப்புக்காக அவளைத் திருப்பி அனுப்பினார். அதிலிருந்து வரிசையில் நின்றாலே முழங்கை வரை திட்டுத் திட்டாகச் சிவந்து வீங்கியது. அழுக்கால் வருகிறதென்று நினைத்து வெந்நீரில் நாரால் தேய்த்துவிட்டுப் போனாள். இன்னும் மோசமானது.

"என்னம்மா பாட்டுக்காரி, கையில உலக மேப்பே வரைஞ்சிட்டு வந்திருக்கே?" என்றார் மேற்பார்வையாளர். வரிசை சிரித்தது.

ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புவார்; அவள் வீடு சேர்வதற்குள் தடிப்பு மறைந்துவிடும்.

"உனக்கு உடம்பு வணங்கல. அதான் நாடகம்," என்றான் கணவன்.

கூட வேலை பார்த்த நாத்தனார்தான் தோல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். அங்கே போனபோது கை வழவழவென்றிருந்தது.

"ஒண்ணுமே இல்லையேம்மா. சரி, கம்பெனி வாசல்லதான் வருதுங்கறீங்க. அங்க என்ன நடக்கும், சொல்லுங்க."

சொன்னாள். சொல்லச் சொல்ல, டாக்டரின் கண்ணெதிரே கை சிவந்து தடித்தது.

"பாருங்க டாக்டர், மானத்த வாங்க இங்கயும் வந்துடுச்சு."

டாக்டர் விளக்கினார். பயம் வரும்போது சிலருக்குத் தோலிலுள்ள நரம்பு நுனிகள் நியூரோபெப்டைடு என்னும் நுண்ணிய புரதத் துணுக்குகளைக் கசியவிடும். பக்கத்திலேயே மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை மூட்டை கட்டி வைத்திருக்கும். துணுக்கு பட்டதும் மூட்டை அவிழும்; ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து தோல் வீங்கும், அரிக்கும். பிறகு தானே அடங்கும். யாருக்கும் ஒட்டாது.

மறுநாள் வாசலில் நாத்தனார் கேட்டாள்: "சார், இது பயத்துல வர்றது, யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. இவங்கள ஓரமா உட்கார வைங்க. கொஞ்ச நேரத்துல மறைஞ்சிடும், அப்புறம் பாருங்க."

"பயத்துல வர்றதுதானே? மனசச் சரிபண்ணிக்கிட்டு வரட்டும்."

பயத்தில் வியர்க்கிறதே, அந்த ஈரம் பொய்யா? டாக்டர் தந்த மாத்திரை அரிப்பைக் குறைத்தது. வாசல் பயத்தை யார் குறைப்பது? மாதக் கடைசியில் வேலை போயிற்று.

இப்போது அவள் கையில் தடிப்பே இல்லை. "உன் பாட்டையே காணோமே?" என்கிறான் கணவன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

உங்கள் பொறுப்பிலும் அப்படியொரு வாசல் இருக்கலாம். தடித்த கையோடு வருபவரை விரட்டாதீர்கள். ஒரு நாற்காலி போடுங்கள். அரை மணி கழித்து அந்தக் கையை மறுபடி பாருங்கள்.