வலது கரை

அம்மா இறந்தபோது தறியில் ஒரு புடவை பாதியில் நின்றது. அரக்கு உடல், பச்சைக் கரை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தறியை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை அப்பா குளித்து விபூதி பூசிக்கொண்டு, தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்தார். நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் கேட்டதும் அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். நான்கு விரல் அகலம் நெய்திருந்தார். இடது கரை இருந்தது, உடல் இருந்தது. வலது கரையில் குறுக்கே ஓடும் ஊடை நூலே இல்லை. பச்சை இழைகள் நீளவாக்கில் வெறும் பாவாக நின்றன.

நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா மூன்று. நடு நாடாவையும் இடது கரை நாடாவையும் நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். வலது கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அம்மாதான் போட்டாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து நெய்ததே இல்லை. அன்றும் பார்க்கவில்லை.

"பிரிச்சிடலாம்பா," என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நீ காலேஜுக்குப் போ."

அப்பாவின் அக்கா, தென்னேரி அத்தை, காரியத்துக்கு வந்தவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏன்டா தம்பி, பொண்ணு சும்மா பள்ளிக்கூடத்துக்குப் போயிக்கினு வந்துக்கினுதான இருக்குது? அதத் தறியில உக்கார வையேன். ஒம்போதாவது படிச்சது போதாதா? இவன் ஒர்த்தன் படிச்சிக் கிழிக்கிறது பத்தாதா வீட்டுக்கு?"

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அடுத்தது தங்கச்சி என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "பரீட்சைக்குப் போனாளா?" என்றுதான் கேட்டாள்.

"நான் உக்காருறேன்," என்றேன்.

அத்தை சிரித்துவிட்டாள். "நீயா? பேனா புடிச்ச கையி. பாவ அறுத்துக் குடுத்துட்டுப் பூடுவ."

ஆனாலும் உட்கார்ந்தேன். விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை தறி, பிறகு சைக்கிளில் கல்லூரி. ஊடையைத் தேவைக்கு மேல் இழுத்துவிடுவேன், கரை சுருங்கிப் போகும். அப்பா திட்ட மாட்டார். பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். தங்கச்சி பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, கரை பாம்பு மாதிரி போவுது," என்பாள்.

ஒரு சனிக்கிழமை எனக்குச் செய்முறைத் தேர்வு இருந்தது. நேரமாகிவிட்டதென்று பாதியில் எழுந்து சட்டை மாட்டப் போனேன். தங்கச்சிக்கு லீவு. யாரும் சொல்லாமலே வந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் அம்மா மடியிலிருந்தே பழகிய கை. நான் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் தடுக்கித் தடுக்கி வந்த சத்தம் சீராகிவிட்டது. பத்து, இருபது ஊடை போயிருக்கும்.

அப்பா திரும்பாமலே சொன்னார்: "இன்னாமே, இன்னிக்கி இவ்ளோ வேகம்?"

அம்மாவை மட்டும்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

தங்கச்சி கையில் நாடா அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள். அப்பா வலது கரையைக் குனிந்து தடவினார். என் கோணல் முடிந்து, அம்மா போட்ட கரையே மறுபடி தொடங்கியது போலிருந்தது.

"நான் சொன்னேன்ல? அவளுக்குக் கை வந்துடுச்சிடா," என்றாள் அத்தை.

"அதான் பயமா இருக்குது," என்றார் அப்பா. "எழுந்துரு பாப்பா. போயி படி."

மீதிப் புடவையை நானும் அவருமாக முடித்தோம். அதை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு அப்பா வேறு பாவு வாங்கி வந்தார். அத்தை பிரித்துப் பார்த்தாள். உடலும் கரையும் ஒரே நிறம். ஒரே நாடாதான், ஒரு ஆள் போதும். கோர்வை போட வராதவன் நெய்கிற ரகம் என்று அப்பாவே கேலி பேசியது அது.

"இத்தினி வருசம் கோர்வ போட்ட கையிக்கி இது இன்னாத்துக்குடா?"

"எனக்குப் புடிச்சிருக்குது."

மறுநாள் காலைப் பேருந்துக்கே அத்தை ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

அம்மா உட்கார்ந்த பலகை தறியின் வலது பக்கத்திலேயே கிடந்தது. முதலில் தங்கச்சி அதன் மேல் புத்தகப் பையை வைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தால், அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு நெய்வதை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே சொல்வார்: "இன்னா சத்தத்தையே காணோம்? வாய் உட்டுப் படி."